நேர்கோடு மேஸ்திரியின் பெஞ்சு

மேஸ்திரி விசில் ஊதியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஆறு பாதங்கள் தரையில் பதிந்தன. ஆறு கைகள் முழங்கால்மேல் ஏறின. மூன்று முதுகுகளும் சாய்மானத்தோடு பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டன. போட்டோ எடுக்கக் காத்திருப்பவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக உட்கார மாட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"கும்முனு இருக்கு மாமா!" என்றான் முதல் ஆள். மேஸ்திரியின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. பட்டறையில் எல்லோருக்கும் அவன் பெயர் மச்சான்.

"நானும் அதையேதாண்ணே சொல்ல வந்தேன்" என்றான் இரண்டாவது ஆள். அவன் மேஸ்திரிக்குச் சித்தப்பா மகன்.

"இதுல உட்கார்ந்தா எந்திரிக்கவே மனசு வராதுங்க" என்றார் மூன்றாமவர். அவர் சொந்தம் கிடையாது. மேஸ்திரியின் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தமில்லாத குறையைக் குரலில் சரிக்கட்டிக்கொள்வார்.

மேஸ்திரி நோட்டைத் திறந்து, "சோதனை முடிந்தது. குறை ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். ஸ்கேல் வைக்காமலே கோடு நூல் பிடித்தாற்போல வந்தது.

அதனால்தான் அவருக்கு நேர்கோடு மேஸ்திரி என்று பெயர். நடப்பது நேர், நிற்பது நேர், சாப்பிடும்போது வாய்க்கும் கைக்கும் நடுவில் உள்ள பாதைகூட நேர். நாற்காலி செய்யும் அந்தப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள் வரைந்து கொடுத்த நாற்காலிகளைச் செய்துகொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தானே ஒன்றை வரைந்து, வளைத்து, ஒட்டி முடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கான மூன்று சீட் பெஞ்சு. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் கட்டியிருந்தது. முந்நூறு பெஞ்சு வேண்டுமாம். சாம்பிள் ஒன்றை ஒரு நாள் கூடத்தில் போட்டுப் பார்த்து, தேறினால் ஆர்டர்.

"மேஸ்திரி, இந்த ஆர்டர் வந்தே ஆகணும்" என்று முதலாளியம்மா அவரிடம் சொல்லியிருந்தார். "இல்லேன்னா அடுத்த மாசத்துல இருந்து பன்னிரண்டு பேருக்குக் கொடுக்க என்கிட்ட வேலை இல்ல. கடைசியா சேர்ந்தவங்களைத்தான் முதல்ல அனுப்பணும்."

கடைசியாகச் சேர்ந்தவர்களின் வரிசையில் நான்காவது ஆள் மச்சான். அவனுக்கு வேலை போனால் மேஸ்திரிக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்கும், ஆனால் யாரும் பரிமாற மாட்டார்கள்.

முதல் மூன்று பேர் யார் என்பதைப் பற்றி மேஸ்திரி கவலைப்படவில்லை. அவர்கள் வெளி ஆட்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளியம்மா எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்தவர்கள். ரெக்சின் உறை தைக்கும் தையலக்கா பிறந்து வளர்ந்த தேசத்தில் வீட்டில் நாற்காலியே கிடையாதாம்; தரைதான் எல்லாமே. வெல்டிங் செய்யும் மலையண்ணன் எங்கோ மேகம் இடிக்கிற உயரத்திலிருந்து இறங்கி வந்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூன்றாவது ஆள் தாடி பெயிண்டர். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரைமணி நேரம் நடக்க வேண்டிய பொட்டல் வெளியில் வளர்ந்தவர். யாராவது ஒரு கை தூரத்துக்குள் வந்தால் இரண்டடி பின்னால் போய்விடுவார்.

மூவரும் இங்கே வந்துதான் இந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். சாப்பாடு வேறு, பழக்கம் வேறு, சிரிக்கிற இடம்கூட வேறு. மேஸ்திரிக்கு அது சரிப்பட்டு வரவில்லை. "ஒரே மாதிரி ஆளுங்க இருந்தாத்தான் வேலை ஓடும். ஒருத்தனுக்குச் சொன்னா நாலு பேருக்குப் புரியணும்" என்பது அவருடைய கொள்கை. சாம்பிள் அறைக்குள் அந்த மூவரையும் அவர் விட்டதில்லை. அவர்கள் மத்தியானச் சாப்பாட்டைப் பெயிண்ட் கொட்டகைக்குப் பின்னால், விற்காத பழைய நாற்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அங்கேயும் ஒரு நாள் போய்ப் பார்த்த மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலையண்ணன் நாற்காலியின் மேல் இரண்டு பாதங்களையும் வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், மரக்கிளையில் பறவை உட்கார்ந்தாற்போல. அன்றைக்கே தன் கைப்பட ஒரு போர்டு எழுதி அங்கே மாட்டினார்: "நாற்காலியில் கால் வைக்கக் கூடாது."

இப்போது உறை மாட்ட அந்தச் சாம்பிள் பெஞ்சைத் தையல் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது, தையலக்கா அதன் முன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு காலை மடித்துப் போட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். உடனே முகத்தைச் சுளித்து எழுந்தார்.

"மேஸ்திரி, முன்னாடி இருக்கிற பைப் கணுக்கால்ல குத்துது."

"காலை யாரு மேல வைக்கச் சொன்னா? கீழ தொங்கப் போடுங்க, குத்தாது."

"எல்லாரும் தொங்கப் போடுவாங்களா?"

"நாற்காலின்னா அப்படித்தாம்மா உட்காரணும். நீங்க தையலைப் பாருங்க."

தையலக்கா ஊசியை எடுத்தார். மச்சான் என்னமோ சொல்ல வந்தவன்போலத் தலையைச் சொறிந்தான். மாமா திரும்பிப் பார்த்ததும், "சரியாச் சொன்னீங்க மாமா" என்றான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெஞ்சு இறங்கியது. பொன்னாட்டம் பளபளத்த அதை ஜன்னலோரம் போட்டுவிட்டு, மேஸ்திரி நோட்டும் பேனாவுமாக ஒரு மூலையில் நின்றுகொண்டார். பக்கத்தில் மச்சான். மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களை எதிர்பார்க்கும் தகப்பன் மாதிரி இருந்தது மேஸ்திரியின் முகம்.

முதலில் வந்த பெரியவர் நேராக உட்கார்ந்தார். மேஸ்திரி ஒரு டிக் போட்டார். வாழ்க்கையில் அவர் சந்தோஷமாகப் போட்ட கடைசி டிக் அது.

அடுத்து வந்தவர் பெரியவருக்குப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார், ஒல்லியான கைப்பிடியைப் பார்த்தார், ஒரு இஞ்சு இடைவெளியைப் பார்த்தார், சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். அந்தச் சீட்டு அரைமணி நேரம் காலியாகவே கிடந்தது. பிறகு ஒரு அம்மா இடுப்பில் தூங்குகிற குழந்தையோடு வந்தார். படுக்க வைக்க இடமில்லை, நடுவில் கைப்பிடி. குழந்தையின் தலையைக் கைப்பிடிக்குக் கீழே நுழைத்துப் பார்த்தார், மேலே வைத்துப் பார்த்தார், கடைசியில் தரையில் துண்டை விரித்தார். இரண்டு பெண்கள் காலை மடித்து உட்கார்ந்தார்கள். ஐந்தாவது நிமிஷம் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே தரைக்கு இறங்கினார்கள். வாட்டசாட்டமான ஒருவர் வந்து முன்விளிம்பில் இரண்டு பாதங்களையும் ஊன்றிக் குத்துக்காலிட்டார்.

பெஞ்சு மெதுவாக முன்பக்கம் குனிந்தது. குத்துக்காலிட்டவர் குதித்துத் தப்பித்தார். முதலில் உட்கார்ந்த பெரியவர் கைப்பிடியைப் பிடித்தார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, இதைத் திருப்பி யார்கிட்ட குடுக்கணும்?" என்றார் பெரியவர், கைப்பிடியைத் தூக்கிக் காட்டி.

பத்தரை மணிக்குக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பெஞ்சில் ஒரு ஆளும் இல்லை. அதைச் சுற்றித் தரையில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்காட்சிப் பொருளைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மேஸ்திரிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "உட்காரத் தெரியாத ஜனங்க!" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

பின்னால் நின்ற தலைமை நர்ஸ் தொண்டையைச் செருமினார். கூடத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"மேஸ்திரி, தினமும் எண்ணூறு பேர் இங்க வர்றாங்க. நாலு திசையிலிருந்தும் வர்றாங்க. அவங்க உட்காரத்தான் நான் பெஞ்சு கேட்டேன். நீங்க உங்க பெஞ்சுக்குத் தகுந்த ஆளுங்களைக் கேக்கறீங்க. அவங்களுக்கு நான் எங்க போறது?"

 மேஸ்திரி, பெரியவர் திருப்பிக் கொடுத்த கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்றார் நர்ஸ். "வேலைப்பாடு சுத்தமா இருக்கு, அதுக்காக ஒரு வாரம். அப்புறம் வேற இடத்துல சொல்லிடுவேன்."

அன்று சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தபோது, மனைவி ஹாலில் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி கைப்பிடியை மேஜைமேல் வைத்தார்.

"இது என்னங்க? பாதிச் சம்பளம் மாதிரி பாதி நாற்காலி குடுத்துட்டாங்களா?"

"கிண்டல் பண்ணாதே. மானம் போச்சு." நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மனைவியையே உற்றுப் பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"நீ எப்பவும் இப்படித்தான் உட்காருவியா?"

மனைவி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். வலது கால் மடங்கி அடியில் இருந்தது. இடது கால் குத்திட்டு, முழங்கால்மேல் மடித்த துணி இருந்தது. "இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான். இப்பத்தான் தெரியுதா?"

அப்போது சோபாவின் மறுமுனையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மகள். தலை சோபாவிலிருந்து கீழே தொங்க, இரண்டு கால்களும் சாய்மானத்தின் உச்சியில் கிடக்க, புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்த வீட்டுல உங்க முதுகுல மட்டும்தான் ஸ்கேல் வெச்சுத் தைச்சிருக்கு."

மேஸ்திரி எழுந்துபோய் வாசற்படியில் நின்றார். சொந்த வீட்டிலேயே மூன்று பேருக்கு மூன்று விதம். எண்ணூறு பேருக்கு? தையலக்கா கேட்டது காதுக்குள் திரும்ப ஓடியது: "எல்லாரும் தொங்கப் போடுவாங்களா?" ஒரே ஒரு கேள்வி. அதற்குக் காது கொடுத்திருந்தால் அந்தப் பெரியவர் கையில் கைப்பிடி வந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் பெயிண்ட் கொட்டகைக்குப் பின்னால் போனார். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் மலையண்ணன் சட்டென்று காலைக் கீழே இறக்கினார். அந்த அவசரத்தைப் பார்த்ததும் மேஸ்திரி கையை உயர்த்தித் தடுத்தார்.

"இறக்காதீங்க" என்றார். "மேலயே வெச்சுக்கோங்க. எனக்கு... பாக்கணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து ஆஸ்பத்திரியில மண்ணைக் கவ்விட்டேன். நீங்க அன்னிக்கு பைப் குத்துதுன்னு சொன்னீங்களே, அக்கா... சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

தையலக்கா சாப்பாட்டு டப்பாவை மெதுவாக மூடினார். "இப்போ கேக்க நேரம் இருக்கா?"

"ஒரு வாரம் இருக்கு."

"அன்னிக்கு ஒரு நிமிஷம்கூட இல்லையே."

மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தையலக்கா டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க போலாம். எனக்கும் இந்த வேலை வேணும். வீட்டுல மூணு பேர் என் கையைப் பாத்துட்டு இருக்காங்க."

சாம்பிள் அறைக்குள் அந்த மூவரும் நுழைந்தது அதுவே முதல் தடவை. மேஸ்திரி மச்சானையும் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டார். பழக்க தோஷத்தில் விசிலை வாயில் வைத்தார். பிறகு எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுல உட்காரற மாதிரி உட்காருங்க."

தையலக்கா சப்பணம் போட்டார். மலையண்ணன் குத்துக்காலிட்டார். தாடி பெயிண்டர் கடைசிச் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் தன் பையை வேலி மாதிரி வைத்துக்கொண்டார். அவர்கள் எழுந்ததும் மேஸ்திரியின் ஆட்கள் மூவரும் வந்து, வழக்கம்போல் ஆறு பாதங்களையும் தரையில் வைத்து விறைத்து உட்கார்ந்தார்கள்.

"நல்லா இருக்கு மாமா" என்றான் மச்சான்.

"உடைஞ்ச பெஞ்சுடா அது. கைப்பிடியே இல்ல. எப்படிடா நல்லா இருக்கும்?"

மச்சான் பக்கவாட்டில் கையால் தடவிப் பார்த்தான். தையலக்கா களுக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டதோ என்னமோ, மச்சானும் சிரித்தான். சிரித்துக்கொண்டே காலை நீட்டி, இடுப்பை முன்னால் சரித்து, சீட்டில் பாதியும் காற்றில் பாதியுமாகச் சாய்ந்தான்.

"உண்மையைச் சொல்லவா மாமா? வீட்டுல நான் இப்படித்தான் இருப்பேன். இந்தப் பெஞ்சுல நேரா உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல தொடை மரத்துப்போகுது."

"முதல் நாளே ஏண்டா சொல்லல?"

"எப்படி மாமா சொல்றது? அக்காவோட வீட்டுக்காரர், வேலை வாங்கிக் குடுத்தவர், ஆசையா ஒண்ணு செஞ்சிருக்கார்..."

"எனக்கு முதுகுல குத்துதுண்ணே" என்றான் சித்தப்பா மகன், இதுதான் சமயம் என்று.

"எனக்குச் சீட்டே பத்தலைங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், தன் அகலத்தைத் தானே பார்த்துக்கொண்டு.

மேஸ்திரி மலைத்து நின்றார். "நீங்க மூணு பேரும் என்னை மாதிரியே உட்காருவீங்கன்னுதானே நினைச்சேன்!"

"நாங்க ஒண்ணும் ஒரே மாதிரி உட்காரல மாமா" என்றான் மச்சான். "நீங்க பாக்கறப்ப மட்டும்தான் ஒரே மாதிரி உட்காருவோம். இன்னிக்கு இவங்க தைரியமா உட்கார்ந்தாங்க, அதைப் பாத்துத்தான் எனக்கும் வாய் வந்துச்சு."

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்தது சோதனை இல்லை, சந்தை.

தையலக்கா நடுக் கைப்பிடிகளை எடுத்தே தீர வேண்டும் என்றார். "குழந்தையோட வர்ற தாய்க்குப் படுக்கை வேணும். மூணு சீட்டும் சேர்ந்தாத்தான் குழந்தைக்கு இடம்."

தாடி பெயிண்டர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "எடுக்கக் கூடாது! தெரியாதவங்க தோள் என் தோள்ல பட்டா எனக்கு மூச்சு முட்டும். எங்க பக்கம் அது மரியாதைக் குறைவு. கைப்பிடி இல்லேன்னா நான் நின்னுட்டே இருப்பேன்."

"நின்னா நில்லுங்க. குழந்தை நிக்க முடியுமா?"

"குழந்தைக்காக நோயாளி நிக்கணுமா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க..." என்று நடுவில் புகுந்த மேஸ்திரியை இரண்டு பேருமே, "நீங்க சும்மா இருங்க!" என்று சேர்ந்து அடக்கினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை இருந்தது.

இரண்டு நாள் இதே கச்சேரி. பழைய மேஸ்திரியாக இருந்தால், "இதுக்குத்தான் ஒரே மாதிரி ஆளுங்க வேணும்கிறது" என்று கதவைச் சாத்தியிருப்பார். இப்போதும் ஒரு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடத்தின் தரையில் உட்கார்ந்திருந்த பதினேழு பேரை நினைத்து விழுங்கிக்கொண்டார். ஒத்துப்போன மூன்று பேர் சோதித்த பெஞ்சு அரை நாள்கூட நிற்கவில்லை. சண்டை போட்டாவது ஒன்று நிற்கட்டும்.

மூன்றாம் நாள் மலையண்ணன் கையில் இரண்டு துண்டு பைப்பும் ஒரு கம்பியுமாக வந்தார். பேசவில்லை. ஒரு துண்டில் சாய்வாகத் துளை போட்டு, கம்பியை அதில் செருகி, மற்றத் துண்டை மாட்டினார். கையால் தூக்கினார், மேலே போய்ப் பின்னால் சாய்ந்து நின்றது. இறக்கினார், தன் எடையிலேயே துளையின் பள்ளத்தில் உட்கார்ந்து அசையாமல் நின்றது. ஒரு திருகாணி இல்லை, ஒரு நட்டு இல்லை.

"எங்கூர்ல ஆட்டுப்பட்டிக் கதவு" என்றார். "தூக்கினா திறக்கும். இறக்கினா மூடும். ஆடு முட்டினாலும் கழலாது." அன்றைய பத்து வார்த்தை தீர்ந்துவிட்டது.

மேஸ்திரி அதைத் தூக்கினார், இறக்கினார், ஆட்டினார், மச்சானை விட்டு முட்டச் சொன்னார். கழலவில்லை. கைப்பிடி வேண்டுகிறவருக்குக் கைப்பிடி. வேண்டாதவர் தூக்கிவிட்டால் மூன்று சீட்டும் ஒரே படுக்கை. தையலக்காவும் தாடி பெயிண்டரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு நாளில் முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனாலும் பெயிண்டர் இரண்டடி தள்ளி நின்றுதான் சிரித்தார்.

அதன் பிறகு வேலை மடமடவென்று ஓடியது. முன்விளிம்பிலிருந்த பைப்பை உள்ளே இழுத்து, அந்த இடத்தில் கனமான ஸ்பாஞ்ச் வைத்து உருட்டித் தைத்தார் தையலக்கா. குத்துக்காலிட்டாலும் குனியாதபடி முன்கால்களை ஒரு சாண் முன்னால் தள்ளினார் மலையண்ணன். சீட்டின் அகலத்தைப் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்து அளந்தார்கள். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை. எல்லாம் முடிந்து சாய்மானத்தையும் மாற்றிவிடலாம் என்று மேஸ்திரியே சொன்னபோது, தையலக்கா தடுத்தார்.

"சாய்மானம் இப்படியே இருக்கட்டும். முதுகு வலியோட வர்றவங்களுக்கு நேராத்தான் வேணும். அதுல நீங்க போட்ட கணக்கு சரி." பிறகு குறும்பாகச் சேர்த்துக்கொண்டார்: "மேஸ்திரியும் ஒரு தினுசுதானே! அவருக்கும் ஒரு இடம் வேணாமா?"

திங்கட்கிழமை. அதே கூடம், அதே ஜன்னலோரம். இந்தத் தடவை மேஸ்திரியோடு தையலக்கா, மலையண்ணன், தாடி பெயிண்டர், மச்சான் எல்லோரும் மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பெயிண்டர் மட்டும் அடுத்த மூலையில்.

முதலில் வந்தவர் போன வாரம் கைப்பிடியைப் பிடுங்கிய அதே பெரியவர். பெஞ்சைப் பார்த்ததும் தயங்கினார். கைப்பிடியை ஒரு விரலால் தொட்டார், ஆட்டிப் பார்த்தார், பிறகுதான் உட்கார்ந்தார். ஒரு அம்மா வந்து இரண்டு சீட்டுக்கு நடுவிலிருந்த கைப்பிடியைத் தூக்கிவிட்டுக் குழந்தையைக் கிடத்தினார். அது புரண்டு படுத்துத் தூங்கியது. அவர்கள் போனதும் வந்த ஒருவர், கைப்பிடியை இறக்கிவிட்டுத் தன் எல்லைக்குள் நிம்மதியாகச் சாய்ந்தார். அடுத்த மூலையில் தாடி பெயிண்டர் தலையாட்டினார். வாட்டசாட்டமான ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிக் குத்துக்காலிட்டபோது ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெஞ்சு மலை மாதிரி நின்றது. மலையண்ணன் கண்ணை மூடித் திறந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய ஆரவாரம்.

பத்தரை மணிக்கு நர்ஸ் வந்தார். தரையைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒருவரும் தரைக்கு இறங்கவில்லை. மேஸ்திரியின் நோட்டை எட்டிப் பார்த்தார். ஒரு டிக்கும் இல்லை. "மடித்து, குத்திட்டு, சாய்ந்து, படுத்து, பை வைத்து, சப்பணம்..." என்று பத்தொன்பது விதம் எழுதியிருந்தது.

"இன்னும் முடியல. இருபதாவது இப்பத்தான் வந்திருக்கு" என்று மேஸ்திரி ஒருவரைக் காட்டினார். அவர் பெஞ்சில் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் சிரித்துவிட்டார். "முந்நூறு போட்டுக் குடுங்க. ஆமா, இந்தக் கைப்பிடி யோசனை உங்களுதா?"

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் மேஸ்திரி தொண்டையைச் செருமியிருப்பார். இன்றைக்கு மலையண்ணனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவரோடது. இந்த முன்விளிம்பு இந்த அக்காவோடது. கைப்பிடியே வேணும்னு அடம்பிடிச்சவர் அதோ, அந்த மூலையில நிக்கறார். எனக்குச் சாய்மானம் மட்டும்தான்."

பன்னிரண்டு பேரின் வேலையும் தப்பியது. மேஸ்திரி வீட்டில் பரிமாறினார்கள், இரண்டாவது தடவையும் கேட்டுக் கேட்டு.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் முதலாளியம்மா பெயிண்ட் கொட்டகைக்குப் பின்னால் வந்தபோது, ஒரே கூச்சலாக இருந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பழைய நாற்காலியில் மேஸ்திரி, வாழ்நாளில் முதல் தடவையாகச் சப்பணம் போட்டிருந்தார்; போட்ட காலை எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தையலக்காவும் மற்றதை மச்சானும் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான் மச்சான்.

"கும்முனு இல்லடா! விடு, வலிக்குது!"

போர்டு அதே இடத்தில்தான் தொங்கியது. ஆனால் திருப்பி மாட்டி, பின்பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தது: "உட்கார்ந்து பாருங்கள். குத்தினால் சத்தமாகச் சொல்லுங்கள்." கையெழுத்து மேஸ்திரியுடையதுதான். கீழே போட்ட கோடு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது.

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். "மேஸ்திரி, ஆர்டருக்காக உங்க பிரிவுக்கு இன்னும் ரெண்டு பேரை எடுக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க, உங்க பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எப்பவும் அப்படித்தானே கேப்பீங்க?"

மேஸ்திரி மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்து நின்றார். நேராக நிற்க முடியாமல் மலையண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. எனக்குத் தெரியாத பக்கத்துல இருந்து, எனக்குத் தெரியாத பழக்கத்தோட, என்னை எதிர்த்துப் பேசற ஆளாப் பாருங்க. என்னை மாதிரி நாலு பேரை வெச்சுக்கிட்டு நாலு பேர் யோசிக்கறாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். ஒரே ஆளுதான் நாலு இடத்துல உட்கார்ந்திருந்தேன். விதவிதமான ஜனங்களுக்குப் பொருள் செய்யற இடத்துல, விதவிதமான ஜனங்க வேலை செஞ்சாத்தான் பொருள் நிக்கும். என்னை மாதிரி ஒருத்தன் ஏற்கெனவே இருக்கேனே, அது போதும்."